பழவேற்காடு லேக்கில் ஒரு 'லேக்'!

''நெத்தியைக் குறி பார்த்துத்தான்டா சுட்டேன். ஆனா செத்தது நான்!''

பழவேற்காடு கோட்டைக்குப்பத்தில் இருக்கும் என் கிளாஸ்மேட் போனில் அலறினான். 'கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2' ஆடும்போது எதிரிகள் நின்ற இடத்திலிருந்து மாயமாகி வேறு இடத்தில் முளைக்கிறார்களாம். புது கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகிடும்னு யாரோ சொல்ல, இறால் சீஸனில் சேர்த்த 15,000 ரூபாயை எடுத்துத் தர அவன் அப்பாவும் ரெடி. ''ஒரே ஒரு நாள் பொறு மச்சான்''னு சொல்லிட்டு, ஞாயிற்றுக்கிழமை பொன்னேரி போய் பஸ் மாறினேன்.

நாம 'லேக்'னு ஒரே வார்த்தையில திட்டறது ரெண்டு தனித்தனி வியாதி பாஸ். கம்ப்யூட்டர் ஒரு செகண்டுக்கு எத்தனை படம் வரையுதுங்கிறது எஃப்.பி.எஸ். நீங்க பட்டனை அமுக்கின சேதி சர்வருக்குப் போய், பதில் திரும்பி வர்ற நேரம் பிங். எது நோயாளின்னு கண்டுபிடிக்க ஈஸி வழி, நெட்டைக் கழற்றிட்டு பாட்களோட ஆடறது. அப்பவும் திக்கினா மெஷின் கோளாறு.

ஆடினோம். வெண்ணெய் மாதிரி ஓடுச்சு. அரை மணி கழிச்சு மட்டும் லேசா திணறல். கேபினெட்டைத் திறந்தா, உப்புக்காத்து ஈரத்துல தூசி ஊறி ஃபேன் மேல கம்பளியா படிஞ்சிருக்கு! சூடு ஏறினா சிப் தன்னைக் காப்பாத்திக்க தானா வேகத்தைக் குறைச்சுக்கும். பிரஷ் போட்டதும் அது தீர்ந்தது. கார்டு நிரபராதி.

அடுத்து நெட். 'கமாண்ட் பிராம்ப்ட்'டைத் திறந்து முதல்ல வீட்டு ரவுட்டரையே பிங் பண்ணினோம். ஒண்ணு, ரெண்டு மில்லி செகண்ட் வரணும். வந்தது 3, 4, திடீர்னு 180! ரவுட்டர் முன் ஹாலில், கம்ப்யூட்டர் பின் ரூமில், நடுவுல சுவரும் இரும்பு பீரோவும். வைஃபை என்ன செய்யும் பாவம்? லேன் கேபிள் இழுத்தோம். ஒண்ணுக்கும் கீழே இறங்கிடுச்சு.

ஆனா சாயங்காலம் மறுபடி 300. அந்த நேரம் தங்கச்சி போனில் வீடியோ அப்லோட். இதைத்தான் அவன் அப்பாவுக்குப் புரிய வெச்சேன். ''முகத்துவாரம் மண் மேடிட்டா படகெல்லாம் வரிசையில நிக்குமில்ல? கேமோட சேதி சின்னத் தோணி மாதிரி. முன்னாடி பெரிய போட்டுங்க வழியை அடைச்சா அதுவும் நிக்கணும்.'' அனுப்புற வழி நிறைஞ்சதும் ரவுட்டர் மிச்சத்தைக் க்யூவில் போடும். அந்தக் காத்திருப்புதான் பிங்கா ஏறுது.

''அப்ப பாடு வெச்சு விட வேண்டியதுதானே தம்பி?''ன்னார் பட்டுன்னு!

ஏரியில சுத்து வலை போட இன்னிக்கு யாருக்கு எந்த இடம்னு முறை வெச்சுப் பிரிக்கிறதுதான் பாடு. (எல்லாருக்கும் அந்த உரிமை கிடையாதுங்கிற சண்டை தனிக்கதை.) ரவுட்டர்ல இதுக்குப் பேர் க்யூ.ஓ.எஸ். அப்லோட் வேகத்தை நிஜ அளவைவிடக் கொஞ்சம் கம்மியா கட்டி, கேமுக்கு முதல் முறை கொடுத்தோம். வீடியோவும் போச்சு, பிங்கும் ஏறல. எல்லா ரவுட்டர்லயும் இந்த வசதி இருக்காது. இல்லைன்னா தங்கச்சிகிட்ட கெஞ்சணும்!

கடைசியா கேம் செட்டிங்ஸ். சென்னையிலயே சர்வர் இருக்கும்போது சிங்கப்பூருக்கு ஏன் ஓடணும்? 2002-ல் வந்த சென்னை–சிங்கப்பூர் 'ஐ2ஐ' கடலடி கேபிளே சுமார் 3,200 கி.மீ. கண்ணாடி இழைக்குள் ஒளி செகண்டுக்கு 2 லட்சம் கி.மீ. போனாலும், போய் வர 32 மில்லி செகண்ட் குறையாது. எந்தக் கார்டாலயும் இதைக் குறைக்க முடியாது. மேட்ச் தேடும்போது ஏத்துக்கிற அதிகபட்ச பிங்கை 80-ல் கட்டினோம்.

''பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட் விடறாங்க, நேரா அந்த சேட்டிலைட்ல இருந்தே நெட் எடுத்தா?''ன்னு தங்கச்சி கேட்டா. நல்ல கேள்வி! 2018-ல் அங்கேருந்து கிளம்பின ஜிசாட்-29 மாதிரி சேட்டிலைட் நிக்கிறது 36,000 கி.மீ. உயரத்துல. ஏறி, இறங்கி, பதில் ஏறி, இறங்க... கிட்டத்தட்ட அரை செகண்ட் காலி. செய்தி பார்க்கலாம், சுட முடியாது.

மொத்தச் செலவு, கேபிளுக்கும் பிரஷ்ஷுக்கும் 270 ரூபாய். ராத்திரி மேட்ச்ல பிங் ஆடாம அசையாம நின்னுச்சு. முதல் ரவுண்டுலயே அவன் தலையில குண்டு.

பின்னாடி நின்ன அப்பா கேட்டார்: ''இப்ப யார் மேல தப்பு?''