வாசலில் ஒரு ஸலாம்

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குச் சென்றவர்கள் மரக்காணம் உப்பளங்களைக் கண்டிருப்பீர்கள். நிழலற்ற வெளியில், கொளுத்தும் வெயிலில், ஆண்களும் பெண்களும் உப்பு வாரிக் குவித்துக் கொண்டிருப்பார்கள். வாகனத்தை நிறுத்தி இறங்குவோர் சிலர், அவர்களிடம் ஒரு சொல்லும் பேசாமல் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவதும் உண்டு.

இத்தகைய வெயிலுக்கு மண்ணையே அரணாக்கிக் கொண்ட ஊர் ஒன்று வட ஆப்பிரிக்காவில் இருக்கிறது. துனீசியாவின் காபிஸ் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மத்மாத்தாவே அது. பெர்பர் முஸ்லிம்களின் ஊர்.

அங்கே நீங்கள் தனியே போய் இறங்கினால் முதலில் திகைத்து நிற்பீர்கள். வீடுகள் எளிதில் கண்ணில் படா! தரையில் வட்டமாகத் தோண்டிய பெருங்குழியின் அடித்தளமே வீட்டு முற்றம். அதன் சுவர்களைக் குடைந்து படுக்கையறை, சமையலறை, தானிய அறை என அமைத்திருக்கிறார்கள். உள்ளே செல்லச் சரிவான சுரங்கவழி உண்டு. தடித்த மண் மெல்லவே சூடேறி மெல்லவே குளிர்வதால், கோடையில் குளுமையும் குளிர்காலத்தில் கதகதப்பும் கிடைக்கின்றன.

ஆயினும் மண் வீட்டுக்கு மழை பகை. 1960களில் பெய்த பெருமழையில் பல வீடுகள் இடிந்தன. அரசாங்கம் உருவாக்கிய புதிய மத்மாத்தாவுக்குப் பலர் குடிபெயர்ந்தனர். எஞ்சிய குகை வீடுகளைக் காண இன்று பல நாட்டுப் பயணிகள் வருகிறார்கள். சில குடும்பங்கள் வீட்டைச் சுற்றிக் காட்டி, ரொட்டியும் தேநீரும் அளித்து, அவர்கள் மனமுவந்து தரும் தொகையைப் பெற்றுக்கொள்கின்றன.

இங்கேதான் பயணிக்குச் சோதனை. குழியின் விளிம்பில் நின்று குனிந்தால் போதும். அடுப்பு, உலரும் துணி, வேலையில் இருக்கும் பெண்கள் என முற்றம் முழுவதும் தெரியும். தனியே வந்தவரைத் தடுக்க உடன் எவரும் இல்லை. அவருடைய உள்ளமே அவருக்குக் காவல்.

பிறர் வீட்டினுள் அனுமதி கேட்டு, ஸலாம் உரைத்த பின்னரே நுழைய வேண்டுமென அல்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் கட்டளையிடுகிறது. திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்றும் கூறுகிறது. அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் பொருட்டுத்தான் என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தியுள்ளார்கள். கதவில்லாத முற்றத்துக்கும் இது பொருந்தும் அன்றோ?

எனவே, விளிம்பை விட்டு விலகிச் சுரங்கவழியின் வாயிலுக்குச் செல்லுங்கள். ஸலாம் கூறிக் காத்திருங்கள். அழைத்தால் விருந்தினராக நுழையுங்கள். இல்லையேல் வருத்தமின்றித் திரும்புங்கள்.

இதைப் பழக மத்மாத்தா வரை போக வேண்டியதில்லை. அடுத்த முறை மரக்காணத்தில் இறங்கும்போது, படக்கருவியை எடுக்குமுன் உப்பு வாரும் அந்தத் தாயிடம் ஒரு சொல் கேளுங்கள். பிறருடைய வாழ்க்கை நமக்குக் காட்சிப் பொருள் அன்று.