கழுவினால் மட்டும் போதாது!

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயிலைப் பற்றிக் கேட்டால், திருமலை நாயக்கரின் தீராத வயிற்றுவலியைத் தீர்த்து வைத்தவர் இந்த ஈசன் என்பார்கள் ஊர்க்காரர்கள். வயிற்றுக்குக் கேடு வந்தபின் வைத்தியரைத் தேடத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கேட்டில் ஒரு பங்கை நம் வீட்டுப் பால் செம்பிலும் தயிர்ப் பானையிலும் மாவுத் தூக்கிலுமே தடுத்துவிடலாம். அதற்குத் தேவை மருந்து அல்ல, பாத்திரத்தைச் சுத்தம் செய்யும் முறை.

இதன் அருமை தெரிந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற இவ்வூர்ப் பால்கோவாவில் பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் கிடையாது. விறகு அடுப்பில் கிண்டிக் கிண்டிச் சுண்ட வைக்கிற அந்தப் பாலில் லேசாகப் புளிப்பு ஏறியிருந்தாலும் கொதி வரும்போதே திரிந்துவிடும். பால் நல்ல பாலாகவே இருந்திருக்கலாம். கறந்து ஊற்றிய கேனில் கோளாறு இருந்தால் என்ன செய்வது? கேன் மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றி, அது உட்கார்ந்திருந்த பள்ளத்தில் ஸ்பூன் காம்பால் சுரண்டிப் பாருங்கள். சரியாகக் கழுவாத கேனாக இருந்தால், வெளியே பளபளவென்று மின்னினாலும் அங்கே மஞ்சள் பசை ஒன்று ஒட்டி வரும். பழைய பாலின் கொழுப்பும் புரதமும் அதில் குடியிருக்கும் கிருமிகளும் சேர்ந்ததுதான் அது. வெதுவெதுப்பான பாலில் இக்கிருமிகள் அரை மணி நேரத்துக்குள்ளாகவே இரட்டிப்பாகக் கூடியவை.

இது பாலுக்கு மட்டுமான கவலை அல்ல. வீட்டிலேயே பீர் தயாரித்துக்கொள்ளச் சட்டம் இடம் தரும் நாடுகளில், அந்தத் தொழிலைப் பழக வருபவருக்கு முதல் பாடமே பாத்திரச் சுத்தம்தான். பீர் கெட்டுப்போவது அதில் நுழையும் வேற்றுக் கிருமிகளால்தான் என்று லூயி பாஸ்டர் 1876-ல் ஒரு புத்தகமே எழுதினார். தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். மதுவிலக்குச் சட்டம் 1937-லிருந்து இருக்கிறது. ஆனால் புளிக்க வைப்பது நமக்கு அன்றாட வேலை. தயிருக்கு உறை ஊற்றுகிறோம், இட்லிக்கு மாவு கரைக்கிறோம், ஊறுகாய் போடுகிறோம். நாம் விரும்புகிற நுண்ணுயிர் மட்டும் வளர வேண்டும், மற்றவை வளரக் கூடாது என்றால் நமக்கும் அதே பாடம்தான்.

நம் பனையேறிகளுக்கு இது கைவந்த கலை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர்; தடவாமல் கட்டினால் அதே பாளையிலிருந்து கள். சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்டும் பாக்டீரியாவும் தலைதூக்க முடிவதில்லை. பாத்திரத்தின் உட்சுவர்தான் பானத்தின் குணத்தை முடிவு செய்கிறது.

இரண்டு வேலை, ஒரு வரிசை

அழுக்கு நீக்குவது ஒரு வேலை, கிருமி நீக்குவது இன்னொரு வேலை. முதல் வேலை முடியாமல் இரண்டாவதில் இறங்கினால் பலன் இல்லை. பிளீச்சிங் திரவத்தில் உள்ள குளோரின், ஒட்டியிருக்கும் பால் அழுக்கோடு மல்லுக்கட்டியே வீரியம் இழந்துவிடும். கிருமி அடியில் பத்திரமாக இருக்கும்.

பால் பாத்திரத்தில் எடுத்தவுடன் கொதிநீர் ஊற்றாதீர்கள். புரதம் வெந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் சாதாரண நீரிலோ வெதுவெதுப்பான நீரிலோ அலச வேண்டும். பிறகு சூடான சோப்பு நீரோ சலவை சோடாக் கரைசலோ போட்டு, மூடி, வளையம், குழாய் எல்லாவற்றையும் கழற்றிப் பிரஷால் தேய்க்க வேண்டும். பாட்டிமார் சாம்பல் போட்டுத் துலக்கியதும் இதற்காகத்தான். சாம்பலில் உள்ள காரம் கொழுப்பைக் கரைக்கும். உப்புத் தண்ணீர் ஊர்களில் வெள்ளையாகப் படியும் பால் கல்லுக்குப் புளி, எலுமிச்சை போன்ற புளிப்பு வேண்டும். புளி போட்டுத் தேய்த்த பித்தளை மின்னும், ஆனால் கிருமி போய்விட்டதென்று அந்த மினுக்கை வைத்துச் சொல்ல முடியாது.

நல்ல நீரில் அலசிய பிறகே கிருமி நீக்கம். வீட்டுக்கு மிகப் பத்திரமானது கொதிநீர்தான். எவர்சில்வர் பாத்திரம், மத்து, வடிதுணி ஆகியவற்றை முழுக்க மூழ்கவிட்டு 10 நிமிடம் கொதிக்க வைத்தால் போதும். கண்ணாடி ஜாடியைப் பச்சைத் தண்ணீரில் வைத்துச் சிறிது சிறிதாகச் சூடாக்க வேண்டும். இல்லையென்றால் விரிசல் விடும். கொதிக்க வைக்க முடியாத பெரிய கேனுக்கு, வாசனையோ சோப்போ கலக்காத 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் 4 மி.லி.யை ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரில் கலந்தால் 200 பி.பி.எம். கரைசல் கிடைக்கும். உட்புறம் முழுக்க இரண்டு நிமிடம் நனைந்திருந்தால் போதும். பிறகு வடித்துவிட்டு, துணியால் துடைக்காமல், ஸ்டாண்டில் கவிழ்த்துக் காய வையுங்கள். துடைக்கிற துணியே கிருமியைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். கீறல் விழுந்த பிளாஸ்டிக் டப்பாவை எப்படிக் கழுவினாலும் நம்ப முடியாது. தூக்கிப் போடுவதே நல்லது.

கலந்தால் விஷம்

சுத்தம் செய்யப் போய் உயிருக்கு ஆபத்தைத் தேடிக்கொள்ளக் கூடாது. பிளீச்சிங் திரவத்தோடு ஆசிட், வினிகர், எலுமிச்சை என எது சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா சேர்ந்தால் குளோரமைன். இரண்டுமே நுரையீரலை வேகவைத்துவிடும். புளிப்பால் தேய்த்த பாத்திரத்தை நன்றாக அலசாமல் பிளீச்சிங் பக்கமே போகாதீர்கள். அதிகம் ஊற்றினால் அதிகம் சுத்தம் என்பதும் தவறு. அளவு மீறிய குளோரின், எவர்சில்வரையே அரித்துக் குழி விழவைக்கும். அந்தக் குழிதான் கிருமிக்கு அடுத்த வீடு.

சலவை சோடா வேறு, காஸ்டிக் சோடா வேறு. காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் எரித்துவிடும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக் கூடாது. தண்ணீரில் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடா மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியக் கேனில் அதை ஊற்றவே கூடாது. உலோகத்தை அரிப்பதோடு தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜனும் வெளியேறும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தத் திரவங்களைப் பழைய தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது. வாங்கிய பாட்டிலிலேயே, பெயர் எழுதி, பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். பால் கொள்முதல் நிலையத்தில், பால் ஊற்ற வருகிறவர்களுக்குக் கொழுப்புச் சத்து அளவைச் சொல்கிற அதே இடத்தில், கேன் கழுவும் முறையையும் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டினால், அதன் பலன் மாடு வளர்ப்பவர் முதல் பால்கோவா சாப்பிடுபவர் வரை போய்ச் சேரும்.