குழாயில் தண்ணீர் வேகம் இல்லையா?

பணத்தைச் செலவழிக்கும் முன் காரணத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம்!

மாடித் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. ஆனால் குளியல் அறைக் குழாயைத் திறந்தால் நூல் போல ஒழுகுகிறது. ஒரு வாளி நிரம்புவதற்குள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட நேரம் ஆகிவிடுகிறது.

பல வீடுகளில் இது அன்றாடத் தொல்லை.

"தொட்டி சிறியது. பெரிய தொட்டி வாங்கி வைத்தால் தண்ணீர் வேகமாக வரும்" என்று ஒருவர் யோசனை சொல்கிறார். "பெரிய மோட்டாராகப் போடுங்கள்" என்கிறார் இன்னொருவர். இரண்டையும் வாங்கி வைக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் பணம் கரைகிறது. ஆனால் குழாயில் தண்ணீர் முன்போலவே ஒழுகுகிறது!

காரணம் என்ன? தண்ணீரின் வேகத்தைத் தருவது தொட்டியின் அளவு அல்ல. மோட்டாரும் அல்ல. தண்ணீரை மேலே ஏற்றியதோடு மோட்டாரின் வேலை முடிந்துவிடுகிறது. கீழே இறங்கி வரும் தண்ணீருக்கு அது எந்த உதவியும் செய்வதில்லை.

அப்படியானால் வேகம் எங்கிருந்து வருகிறது?

உயரம் தரும் பலம்

ஊர்தோறும் பொதுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்திருப்பீர்கள். நீண்ட கால்களின் மேல் நிமிர்ந்து நிற்கிறது. தரையிலேயே கட்டினால் செலவு குறையுமே! ஏன் அவ்வளவு உயரத்தில் கட்டுகிறார்கள்?

உயரத்தில் இருக்கும் தண்ணீர், தன் எடையால் கீழே இருக்கும் தண்ணீரை அழுத்துகிறது. அந்த அழுத்தம்தான் தண்ணீரைக் குழாய் வழியாக வெளியே தள்ளுகிறது. உயரம் கூடினால் அழுத்தமும் கூடும். கொல்கத்தாவில் 1911-ம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்த டாலா தொட்டி, 110 அடி உயரத்தில் நிற்பதும் இதற்காகத்தான்.

கணக்கு மிகவும் எளிது. தொட்டியின் தண்ணீர் மட்டம் குழாயைவிட 10 மீட்டர் (சுமார் 33 அடி) உயரத்தில் இருந்தால், குழாயில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். 3 மீட்டர் (சுமார் 10 அடி) உயரம் என்றால் 300 கிராம்தான்.

500 லிட்டர் தொட்டியானாலும், 2,000 லிட்டர் தொட்டியானாலும், தண்ணீர் மட்டம் ஒரே உயரத்தில் இருந்தால் அழுத்தம் ஒன்றே. பெரிய தொட்டியில் தண்ணீர் அதிக நேரம் வரும். அதிக வேகத்தில் வராது!

இன்னொன்றும் உண்டு. அழுத்தம் இருந்தால் மட்டும் போதாது. தண்ணீர் வருவதற்கு வழி வேண்டும். திருவிழா முடிந்து வெளியேறும் கூட்டம் அகலமான வீதியில் வேகமாகக் கலைகிறது. குறுகிய சந்தில் நெருக்கியடித்து நிற்கிறது. தண்ணீரும் அப்படித்தான். அரை அங்குலக் குழாயைவிட ஒரு அங்குலக் குழாயின் உள்வழி நான்கு மடங்கு பெரியது.

ஆகவே, காரணம் இரண்டே இரண்டுதான். ஒன்று, உயரம் போதவில்லை. அல்லது, வழியில் தடை இருக்கிறது. எது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

வாளிச் சோதனை

ஒரு 10 லிட்டர் வாளியையும், ஒரு கடிகாரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றக் குழாய்களை மூடிவிட்டு, ஒரு குழாயை மட்டும் முழுவதும் திறந்து வாளியை வையுங்கள். நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது?

ஒரு நிமிடம் என்றால் கவலை இல்லை. இரண்டு நிமிடம் என்றால் நிமிடத்துக்கு 5 லிட்டர்தான் வருகிறது. அதற்கும் மேல் ஆனால் கோளாறு இருக்கிறது என்று கொள்ளலாம்.

வீட்டில் உள்ள எல்லாக் குழாய்களையும் இப்படியே சோதித்து, ஒரு தாளில் எழுதுங்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் உற்சாகமாகச் செய்வார்கள். அந்தத் தாளே உங்களுக்கு வழிகாட்டி.

ஒரு குழாயில் மட்டும் என்றால்...

மற்றக் குழாய்களில் நன்றாக வந்து, ஒரே ஒரு குழாயில் மட்டும் வேகம் குறைந்தால், கோளாறு அந்தக் குழாயிலேயே இருக்கிறது. தொட்டியைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

குழாயின் வாயில் சிறிய வலை இருக்கிறதா என்று பாருங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வரும் வீடுகளில், உப்பு படிந்து அந்த வலை அடைத்துக்கொள்ளும். அதைத் திருகிக் கழற்றி, வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ சில மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் உப்பு விட்டுவிடும். ஷவருக்கும் இதே வைத்தியம்தான். ஒரு பிளாஸ்டிக் பையில் வினிகரை ஊற்றி, ஷவரின் முகம் மூழ்கும்படி இரவு முழுவதும் கட்டி வைக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. வினிகரோடும் எலுமிச்சைச் சாற்றோடும் பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் சேர்க்காதீர்கள். விஷவாயு உண்டாகும்.

வாஷ்பேசினுக்கு அடியில் ஒரு சிறிய வால்வு இருக்கும். சுத்தம் செய்யும்போது கை பட்டு அது பாதி மூடியிருக்கலாம். அதைத் திறந்தாலே போதும். காசு செலவு இல்லை!

வெந்நீர் மட்டும் மெதுவாக வந்து, பச்சைத் தண்ணீர் நன்றாக வந்தால், கீசரில் உப்பு படிந்திருக்கலாம். அதை நீங்களே திறக்க வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பழுது பார்ப்பவரைக் கூப்பிடுங்கள்.

ஒரு பக்கம் முழுவதும் என்றால்...

ஓர் அறையில் அல்லது ஒரு மாடியில் உள்ள எல்லாக் குழாய்களிலும் வேகம் இல்லை என்றால், அந்தப் பக்கம் போகும் குழாயைக் கவனிக்க வேண்டும்.

முதலில் அந்த வழியில் உள்ள கேட் வால்வைப் பாருங்கள். பழைய வால்வுகளில் ஒரு வேடிக்கை நடக்கும். கைப்பிடியைச் சுற்றினால் சுற்றும். ஆனால் உள்ளே இருக்கும் தகடு கழன்று, மேலே எழும்பாமல் வழியை அடைத்தபடி நிற்கும். வெளியே இருந்து பார்த்தால் திறந்திருப்பது போலவே தோன்றும். வால்வை மாற்றுவதுதான் இதற்கு வழி.

இரும்புக் குழாய் போட்ட பழைய வீடு என்றால், குழாயின் உள்ளே துருவும் உப்பும் ஏறி, வழி சுருங்கியிருக்கும். காலையில் முதலில் வரும் தண்ணீர் செந்நிறமாக இருந்தால் துரு என்று சந்தேகப்படலாம். இதைச் சுத்தம் செய்து பயன் இல்லை. குழாயையே மாற்ற வேண்டியதுதான்.

வீடு முழுவதும் என்றால்...

எல்லாக் குழாய்களிலும் வேகம் குறைந்திருந்தால், தொட்டிக்கு அருகில் போய்ப் பாருங்கள்.

தொட்டியின் அடியில் சேறு படிந்து, தண்ணீர் இறங்கும் வாயை அடைத்திருக்கலாம். மூடி இல்லாத தொட்டியில் இலையும் பாசியும் சேர்ந்து அடைப்பதும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தொட்டியைக் கழுவினால் இந்தத் தொல்லை வராது. குடிக்கும் தண்ணீரும் சுத்தமாக இருக்கும்.

தொட்டி ஒரு முறை வறண்டு, மறுபடியும் நிரப்பிய பிறகு தண்ணீர் வரவில்லையா? குழாயில் காற்று புகுந்து அடைத்திருக்கும். மேலே ஏறி மறுபடி கீழே இறங்கும் வளைவுகளில் காற்று சிக்கிக்கொள்ளும். தண்ணீர் விட்டு விட்டு, சத்தத்தோடு வருவது இதற்கு அடையாளம்.

மற்றக் குழாய்களை மூடிவிட்டு, எல்லாவற்றிலும் தாழ்வான குழாயைச் சில நிமிடம் முழுவதும் திறந்து வையுங்கள். அதற்கும் அசையாவிட்டால், அடைபட்ட குழாயையும், நன்றாகத் தண்ணீர் வரும் இன்னொரு குழாயையும் ஒரு ரப்பர் குழாயால் இணைத்து, இரண்டையும் திறந்துவிட்டால், காற்று வந்த வழியே வெளியேறும். அடிக்கடி இப்படி நடந்தால், தொட்டிக்குப் பக்கத்தில் காற்றுக் குழாய் பொருத்தச் சொல்லுங்கள். அதன் முனை தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும்.

ஒழுக்கு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, தொட்டியில் தண்ணீர் மட்டத்தை அடையாளம் செய்யுங்கள். காலையில் யாரும் தண்ணீர் எடுப்பதற்கு முன் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. வினாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகினாலும், ஒரு நாளில் சுமார் 20 லிட்டர் வீணாகிவிடும்!

மேல் மாடிக்காரர்களின் கஷ்டம்

கீழ் வீட்டில் நன்றாக வருகிறது. மேல் வீட்டில் மட்டும் ஷவர் அழுகிறது. இது அடைப்பு அல்ல. உயரக் குறைவு.

மொட்டை மாடியில் 3 அடி மேடை கட்டித் தொட்டி வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு நேர் கீழே உள்ள வீட்டின் ஷவருக்கும் தொட்டியின் அடிப்பாகத்துக்கும் இடையே சுமார் 7 அடிதான் இருக்கும். அங்கே கிடைக்கும் அழுத்தம் 200 கிராம் அளவுதான். அதற்குக் கீழ் வீட்டில் 17 அடி. அழுத்தம் 500 கிராமைத் தாண்டுகிறது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தொட்டியை உயர்த்துவது. ஆனால் 1,000 லிட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ! ஒரு டன் பாரத்தைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்துவது விளையாட்டல்ல. பொறியாளரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

மற்றொன்று, தொட்டியில் இருந்து இறங்கும் குழாயில், தண்ணீரைத் தள்ளும் சிறிய மோட்டார் பொருத்துவது. பழைய குழாயாக இருந்தால், அதிக அழுத்தத்தைத் தாங்குமா என்று முதலில் சோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் இணைப்புகள் பிய்த்துக்கொள்ளும்.

தெருக் குழாயில் மோட்டாரா? கூடவே கூடாது!

சில வீடுகளில் மாடித் தொட்டியே இல்லை. தெருக் குழாயில் வரும் தண்ணீர்தான். காலையில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறப்பதால், தெருக் கடைசி வீட்டுக்கு அழுத்தம் போய்ச் சேர்வதில்லை.

தெருக் குழாயில் எவ்வளவு அழுத்தம் இருக்க வேண்டும்? மத்திய அரசு 1999-ம் ஆண்டு வெளியிட்ட குடிநீர் வழங்கல் கையேடு இதற்கு அளவு சொல்லியிருந்தது. ஒரு தளக் கட்டடங்களுக்கு 7 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். இரண்டு தளம் என்றால் 12 மீட்டர். மூன்று தளம் என்றால் 17 மீட்டர். நடப்பில் பல தெருக்களில் அந்த அழுத்தம் கிடைப்பதில்லை.

இந்த நேரத்தில்தான் சிலர் ஒரு தவறு செய்கிறார்கள். தெருக் குழாயில் நேராக மோட்டாரை இணைத்து உறிஞ்சுகிறார்கள்!

இதனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு வர வேண்டிய தண்ணீர் வராமல் போகிறது. அவரும் மோட்டார் வாங்குகிறார். பிறகு அடுத்த வீடு. கடைசியில், மோட்டார் வாங்க வசதி இல்லாத ஏழை வீட்டில் குடம் காலியாக நிற்கிறது.

அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. பூமிக்கு அடியில் தெருக் குழாயில் எங்கேயாவது சிறிய விரிசல் இருக்கலாம். சாதாரணமாக, அழுத்தத்தால் அதன் வழியே தண்ணீர் வெளியேதான் கசியும். மோட்டார் உறிஞ்சும்போது நிலைமை தலைகீழாகிறது. வெளியே தேங்கி நிற்கும் சாக்கடை நீர், அந்த விரிசல் வழியாகக் குழாய்க்குள் நுழைகிறது. மோட்டார் வைத்த வீட்டுக் குழந்தையே அதை முதலில் குடிக்கிறது!

வாந்திபேதி, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் இப்படித்தான் பரவுகின்றன. குடிநீரில் சாக்கடை கலந்தால் என்ன ஆகும் என்பதை டெல்லி மாநகரம் ஒரு முறை கண்டது. யமுனை ஆற்றில் குடிநீர் எடுக்கும் இடத்தில் சாக்கடை கலந்தது. 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் 29 ஆயிரம் பேருக்கு மேல் மஞ்சள் காமாலை கண்டது.

தெருக் குழாயில் மோட்டார் வைப்பது விதிகளுக்கும் விரோதம். தமிழ்நாட்டில் மாநகராட்சிகளும் நகராட்சிகளும் அத்தகைய மோட்டாரைப் பறிமுதல் செய்து, இணைப்பைத் துண்டிப்பது உண்டு.

சரியான முறை எது? தெருத் தண்ணீர் தானாக வந்து விழும்படி, தரைக்குக் கீழே ஒரு சம்பு கட்டுங்கள். குழாய் தாழ்வாக இருப்பதால் குறைந்த அழுத்தத்திலும் தண்ணீர் வந்து சேரும். சம்பில் இருந்து மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றலாம். பக்கத்து வீட்டார் பங்கு அவர்களுக்கே போகும். உங்கள் பங்கும் சுத்தமாக வரும்.

பிளம்பர் வந்தால்...

இவ்வளவு பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால் பிளம்பரைக் கூப்பிடுங்கள். ஆனால் "தண்ணீர் வரவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். வாளிச் சோதனைத் தாளைக் காட்டுங்கள். எந்தக் குழாயில், எந்த நாளில் இருந்து, எந்த நேரத்தில் குறைகிறது என்று சொல்லுங்கள். அவருக்கு நேரம் மிச்சம். உங்களுக்குப் பணம் மிச்சம்.

புதிய தொட்டி, புதிய மோட்டார் என்று யாராவது சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "உயரம் குறைவா? வழியில் அடைப்பா?" அதற்குப் பதில் கிடைத்த பிறகு பணப்பையைத் திறந்தால் போதும்.