சங்கம் வளர்த்தோர் – 11: இரண்டு நாற்காலித் தலைமை

சென்ற வாரம் 1956இல் நிறுத்தியிருந்தேன். மேரி சாப்மன் என்ற ஆங்கிலப் பெண்மணி 1912இல் தொடங்கி, பின்னர் ரத்மலானையில் நிலைகொண்ட காது கேளாதோர், பார்வையற்றோர் பள்ளியிலிருந்து, தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று கைதடியில் நஃபீல்ட் பள்ளி தனியே கிளைத்த ஆண்டு அது. சிங்களம் மட்டும் சட்டம் வந்த ஆண்டும் அதுதான். தனியே போவது ஒரு வழி. கைதடி இல்லாதிருந்தால் எத்தனையோ பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வியே கிடைத்திராது.

இந்த வாரம் வேறொரு வழி. பெரிய சங்கத்தை விட்டு வெளியேறாமல், அதன் பக்கத்திலேயே தங்களுக்கென்று ஒன்றைக் கட்டி, இரண்டிலும் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களின் கதை. அவர்கள் அமெரிக்கக் கறுப்பினத்தவர்கள். தொழில், பேச்சு சிகிச்சையும் செவித்திறன் பரிசோதனையும்.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று கேட்பவர்கள் முதலில் ஹெந்தளைப் பக்கம் வரட்டும். ஒல்லாந்தர் 1708இல் கட்டிய தொழுநோய் வைத்தியசாலையால் பெயர்பெற்ற ஊர். இன்று அங்கே யார் இருக்கிறார்கள்? கொட்டாஞ்சேனையில் வாடகை கட்டுப்படியாகாமல் களனி கங்கையைத் தாண்டி வந்தவர்கள், போர்க்காலத்தில் வடக்கிலிருந்து வந்து அப்படியே தங்கிவிட்டவர்கள், மலையகத்திலிருந்து வேலைக்கு வந்து குடும்பமானவர்கள், தலைமுறை தலைமுறையாகக் கடலை நம்பியிருக்கும் குடும்பங்கள். ஒரே ஒழுங்கையில் நாலு விதத் தமிழ் கேட்கும். அந்த ஒழுங்கையில் வளரும் பிள்ளை வீட்டில் தமிழும், வாசலில் சிங்களமும், நர்சரியில் ஆங்கிலப் பாட்டுமாக நாளைக் கழிக்கிறது.

அந்தப் பிள்ளைக்கு மூன்று வயதாகியும் பேச்சு சரியாக வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அம்மா கிளினிக்குக் கூட்டிப்போகிறார். பேச்சு சிகிச்சையாளர் பெரும்பாலும் சிங்களம் பேசுபவராகவே இருப்பார்; அன்பானவராகவும் இருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மிஸ் படத்தைக் காட்டிச் சிங்களத்தில் கேட்கிறார். அம்மா அதைத் தமிழாக்குகிறார்: “மகன், மிஸ் கேக்கிறாங்க, பூனை எங்க இருக்கு? மேசைக்கு அடியில தானே?” கேள்விக்குள்ளேயே விடையும் போய்விட்டது. பிள்ளை தலையாட்டுகிறது. மிஸ் தாளில் சரி போடுகிறார். கெட்டிக்காரப் பிள்ளை. சிகிச்சை தேவைப்பட்ட பிள்ளை ஒன்று அதோடு வீட்டுக்குப் போய்விடுகிறது.

மறுபக்கமும் நடக்கும். ஆங்கிலச் சோதனைகளில் ஒருமை பன்மைக்கென்று ஒரு பகுதி உண்டு. இரண்டு பூனைப் படம் காட்டினால் பிள்ளை பன்மை விகுதி சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் பிள்ளை “ரெண்டு பூனை” என்கிறது. தமிழில் அதுதான் பேச்சு. “ரெண்டு பூனைகள்” என்று எந்த வீட்டில் பேசுகிறார்கள்? ஆங்கில அளவுகோலை அப்படியே வைத்தால் பிழை. ஒலியிலும் இதே கதைதான். யாழ்ப்பாணத்து வீடுகளில் பழமும் பள்ளமும் ஒரே ளகரத்தில் ஒலிக்கும். தமிழ்நாட்டுக் கணக்கில் தயாரித்த உச்சரிப்புச் சோதனை ழகரத்தைத் தேடினால் அந்தப் பிள்ளைக்கு நாக்குக் குறை என்று வந்துவிடும். நீர்கொழும்புக் கரையோர மீனவர் தமிழை ஆராய்ந்த மொழியியலாளர்கள், அதன் வினைமுற்றில் இடமும் எண்ணும் காட்டும் விகுதிகள் தேய்ந்துபோனதைப் பதிவு செய்திருக்கிறார்கள். சிங்களத்தோடு நூற்றாண்டுக் கணக்கில் பழகியதால் வந்த மாற்றம் அது. அந்தக் குடும்பத்துப் பிள்ளை பேசுவது பிழையா, பரம்பரையா? இதைத் தீர்மானிக்கத் தெரிந்தவர் கிளினிக்கில் இருக்க வேண்டும். அவரைத் தயார்படுத்தும் இடத்திலும் யாராவது இருக்க வேண்டும்.

இந்தக் கேள்வியைத்தான் 1968இல் டென்வரில் கேட்டார்கள்.

அமெரிக்கப் பேச்சு, செவித்திறன் தொழிலாளருக்கான பெரிய சங்கம் 1925இல் உருவானது. சுருக்கமாக ஆஷா என்பார்கள். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். அந்த ஆண்டே டென்வர் நகரில் நடந்த ஆஷா மாநாட்டில் கறுப்பின உறுப்பினர்கள் தனியே கூடித் தங்களைக் கறுப்பினக் குழு என்று அறிவித்துக்கொண்டார்கள். ஓர்லாண்டோ டெய்லர் முன்னணியில் இருந்தவர்களில் ஒருவர். மறு ஆண்டு சங்கத்தின் சொந்த இதழிலேயே தங்கள் கொள்கையையும் குறிக்கோள்களையும் எழுத்தில் வைத்தார்கள். அவர்கள் கேட்டது மேடையும் பதவியும் மட்டுமல்ல. கறுப்பினப் பிள்ளையின் வீட்டுப் பேச்சைக் குறைபாடாக எழுதிவைக்கும் பழக்கத்தை நிறுத்து என்றார்கள்.

அந்தக் காலத்தில் அது வெறும் பழக்கமல்ல, பாடம். ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளுக்கு மொழியே இல்லை, பாலர் வகுப்பில் புதிதாக ஊட்ட வேண்டும் என்று பேராசிரியர்களே எழுதினார்கள். அதை உடைத்தவர்களில் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் முக்கியமானவர். ஹார்லெமில் எட்டு வயதுப் பையன் ஒருவனைப் பேட்டி கண்ட கதையை அவர் 1969 கட்டுரை ஒன்றில் எழுதியிருக்கிறார். பேட்டி எடுத்த கிளாரன்ஸ் ராபின்ஸ் கறுப்பினத்தவர், அதே ஹார்லெமில் வளர்ந்தவர். ஆனாலும் பையன் ஒற்றைச் சொல்லுக்கு மேல் பேசவில்லை. அடுத்த முறை ராபின்ஸ் உருளைக்கிழங்கு சிப்ஸ் வாங்கிக்கொண்டு, பையனின் கூட்டாளியையும் கூட்டிவந்து, தரையில் உட்கார்ந்துகொண்டார். பிறகு வாய் ஓயவில்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் சிப்ஸோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு உறைப்பது முதல் பேட்டிதான். பேட்டி எடுத்தவரும் அதே இனம், அதே தெரு, அப்படியும் பையன் வாயை மூடிக்கொண்டான். ஆகவே, ஒரு தமிழரை வைத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து வரும் தமிழ் மிஸ், கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, செந்தமிழில் “இது யாது?” என்ற தோரணையில் கேட்டால் ஹெந்தளைப் பிள்ளை சிங்கள மிஸ்ஸிடம் மௌனமானதைவிட இன்னும் கூடுதலாக மௌனமாகும்.

டென்வர் கூச்சலுக்குப் பின் ஆஷா 1969இல் நகர்ப்புற, இனக்குழு விவகாரங்களுக்கென்று ஓர் அலுவலகம் திறந்தது. குழு கலைந்துபோயிருக்கலாம்; பல சங்கங்களில் அப்படித்தான் நடக்கும். ஒரு மேசை கிடைத்தால் போராட்டம் அடங்கிவிடும். இவர்கள் பத்தாண்டு பார்த்தார்கள். 1978இல் தேசியக் கறுப்பினப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கத்தை நிறுவினார்கள். ஆஷாவை விட்டுப் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தொழில் சான்றிதழ் கொடுப்பது ஆஷா. அதைத் துறந்தால் தொழிலே சிரமம். சந்தா இரண்டு, மாநாடு இரண்டு, கூட்டம் இரண்டு. தலைவர்களில் பலர் பல்கலைக்கழக ஆசிரியர்கள். வாஷிங்டனில் உள்ள ஹோவார்ட் போன்ற கறுப்பினப் பல்கலைக்கழகங்கள்தான் அவர்களது தளம்.

தனிச் சங்கத்தில் என்ன நடந்தது? மாணவர்களைத் தொழிலுக்குள் கொண்டுவருவது, சான்றிதழ்த் தேர்வுக்கு ஆயத்தப்படுத்துவது, ஆய்வுகளை வாசித்துத் திருத்திக்கொள்வது. வெளியே சொல்லத் தயங்கும் கருத்தை முதலில் வீட்டுக்குள் சண்டைபோட்டுத் தெளிவாக்கிக்கொள்வது என்பது என் கணிப்பு. ஏனென்றால் வெளியே போனபோது அவர்கள் பேச்சில் தடுமாற்றம் தெரியவில்லை.

தனிச் சங்கம் தொடங்கிய மறு ஆண்டு, 1979இல், மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் ஒரு வழக்கு தீர்ந்தது. மார்ட்டின் லூதர் கிங் பெயர் தாங்கிய பள்ளியில் படித்த கறுப்பினப் பிள்ளைகள் சிலரைக் கற்றல் குறைபாடு உள்ளவர்களென்று ஒதுக்கியதை எதிர்த்துத் தாய்மார் போட்ட வழக்கு. பிள்ளைகளின் வீட்டுமொழியை ஆசிரியர்கள் அறியாதிருந்ததே தடையாயிற்று என்று நீதிபதி சார்ல்ஸ் ஜொய்னர் தீர்ப்பளித்தார். திருந்த வேண்டியவர்கள் ஆசிரியர்கள் என்று ஆயிற்று. சாட்சி சொன்ன அறிஞர்களில் ஜெனீவா ஸ்மிதர்மன் என்ற கறுப்பினப் பேராசிரியையும் ஒருவர்.

1983இல் ஆஷா தன் நிலைப்பாட்டை எழுத்தில் அறிவித்தது: ஆங்கிலத்தின் எந்த வட்டார வழக்கும், எந்தச் சமூக வழக்கும் நோயல்ல, குறைபாடல்ல. டென்வரிலிருந்து எண்ணினால் பதினைந்து ஆண்டுகள். அதே அறிக்கையில் இன்னொன்றும் உண்டு. பொது ஆங்கிலம் பேசப் பழக வேண்டுமென்று ஒருவர் தாமே விரும்பி வந்தால் சிகிச்சையாளர் உதவலாம். வீட்டுப் பேச்சைக் கோயில் விக்கிரகமாக்கவில்லை. வேலை நேர்காணலுக்குப் போகும் இளைஞனின் தேவையையும் மறக்கவில்லை. இந்தப் பக்குவம் எனக்குப் பிடித்திருக்கிறது.

1988இல் சாண்ட்ரா ஹோலி ஆஷாவின் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர். 2000களின் தொடக்கத்தில் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி சீமோர், தோமஸ் ரோப்பர், ஜில் டி வில்லியர்ஸ் என்ற இரு மொழியியல் அறிஞர்களோடு சேர்ந்து புதிய சோதனையொன்றை வெளியிட்டார். வழக்கு வேறுபாட்டையும் உண்மையான குறைபாட்டையும் பிரித்துக்காட்டுவதே அதன் வேலை. கறுப்பினப் பிள்ளைக்கும் வெள்ளையினப் பிள்ளைக்கும் பொதுவான இலக்கணக் கூறுகளைத் தேர்ந்தெடுத்துச் சோதிப்பது அதன் உத்தி. என்னைக் கேட்டால் இந்த நெடுங்கதையின் உச்சம் ஹோலியின் பதவியேற்பல்ல, இந்தச் சோதனைப் பெட்டிதான். தலைவர் மாறுவார். பெட்டி கிளினிக்கில் இருக்கும்.

வெற்றிக்கதை என்று முடித்துவிட முடியாது. அமெரிக்க மக்களில் நூற்றுக்கு 13 பேர் அளவில் கறுப்பினத்தவர். ஆஷா உறுப்பினர்களிலோ இன்றும் நூற்றுக்கு 4 பேர் அளவில்தான்.

இனி நம் பக்கம். இலங்கையில் இந்தத் தொழிலுக்கான படிப்பு ஹெந்தளைக்கு எட்டும் தூரத்திலேயே, ராகமையில் பிறந்தது. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் லண்டன் யுனிவர்சிட்டி கொலேஜின் ஒத்துழைப்போடு 1990களின் பிற்பகுதியில் டிப்ளோமாவாகத் தொடங்கிப் பின்னர் பட்டப்படிப்பாக்கியது. அதற்கு முன் நாட்டிலே முறையாகப் பயிற்றப்பட்டவர்கள் இல்லை என்றே சொல்லலாம். இன்று தீவெங்கும் அரச வைத்தியசாலைகளில் ராகமையில் படித்தவர்கள் இருக்கிறார்கள். அது சாதாரணச் சாதனை அல்ல. தமிழ் மாணவர்களும் அங்கே படித்து வெளியேறுகிறார்கள். ஆனால் தொகை மிகக் குறைவு. வடக்கும் கிழக்கும் மலையகமும் கொழும்பும் அவர்களைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. படிப்பு ஆங்கிலத்தில். தமிழ்ப் பிள்ளையை எப்படிச் சோதிப்பதென்பது ஒவ்வொருவரும் வேலைக்குப் போன பிறகு தாமே கண்டுபிடித்துக்கொள்ளும் வித்தையாகிவிடுகிறது.

1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. படிவம் தமிழில் கிடைக்கிறது, பெயர்ப்பலகை தமிழில் தொங்குகிறது. மூன்று வயதுப் பிள்ளையின் பேச்சை அளக்கும்போது அரச கரும மொழி உதவாது. பிள்ளைக்கு அம்மாவின் மொழிதான் தெரியும். இதற்கிடையில் சில தாய்மாருக்கு இன்னொரு அறிவுரையும் கிடைக்கிறது: பல மொழி பிள்ளையைக் குழப்பும், வீட்டிலும் ஒரே மொழி பேசுங்கள் என்று. பெரும்பாலும் கைவிடச் சொல்லப்படுவது தமிழ். இருமொழிச் சூழல் பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை என்று ஆய்வுகள் பல முறை காட்டியிருக்கின்றன. அம்மாவுக்குத் தடுமாற்றமின்றி வருவது தமிழென்றால், பிள்ளையோடு நிறையப் பேசக்கூடியதும் தமிழில்தான். அதைப் பறித்துவிட்டு எதைக் கொடுப்பது?

தனித் தமிழ்ச் சங்கம் தொடங்குவோமா? வேண்டாம் என்பேன். இருப்பவர்களே கொஞ்சம். அவர்களைப் பிரித்தெடுத்தால் தலைவர், செயலாளர், பொருளாளர் போக அங்கத்தவர் மிஞ்ச மாட்டார்கள். சங்கம் என்றதும் பொன்னாடையும் மலரும் அச்சடிக்கும் சிறப்பிதழும் நினைவுக்கு வரும் ஊர் இது. ஒரே தலைவர் முடி நரைக்கும்வரை இருப்பதும் நமக்குப் பழக்கம். ஆனால் தொழிற் சங்கத்துக்குள்ளேயே ஒரு தமிழ்ப் பிரிவு, சோதனைகளை அங்கீகரிக்கும் குழுவில் அதற்கு நிரந்தரமாக ஓர் இடம், முதல் வேலையாக ஒலிப்பதிவு: ஹெந்தளை, கொட்டாஞ்சேனை, கைதடி, காத்தான்குடி, ஹட்டன் என்று இரண்டு முதல் ஐந்து வயது வரையிலான பிள்ளைகள் விளையாடும்போது பேசுவதைப் பதிந்து, எந்த வயதில் எந்த ஒலி, எந்த விகுதி வருகிறது என்று கணக்கெடுப்பது. தாய்மார் உதவுவார்கள். ராகமையில் ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் இருக்கிறார்கள். சிங்களச் சகபாடிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், அந்தச் சோதனையை நாளை பயன்படுத்தப் போகிறவர்களில் பெரும்பாலானோர் அவர்கள்தான். அம்மா மொழிபெயர்க்கும்போது எங்கே விடை கசிகிறது என்று அவர்களுக்கு அரைநாள் பயிற்சி கொடுத்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

இதை முன்னின்று நடத்துபவருக்கு இரண்டு நாற்காலியிலும் உட்காரும் பொறுமை வேண்டும். ஒரு பக்கம் “எப்போதும் தமிழ் தமிழ் என்கிறீர்களே” என்ற சலிப்பைக் கேட்க வேண்டும். மறுபக்கம் “அவர்களோடு சேர்ந்துவிட்டீர்களே” என்ற ஏச்சையும் கேட்க வேண்டும்.

(அடுத்த வாரம் மைசூர்: 1965இல் அங்கே எழுந்த அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனமும், இந்திய மொழிகளுக்குச் சோதனைகள் எழுதப் புறப்பட்டவர்களும்.)