விடை தெரியுமுன் வழங்கும் தீர்ப்பு

பல்கலைக்கழக மானியக் குழு, தான் 2018இல் தொடங்கிய ‘கேர்’ சஞ்சிகைப் பட்டியலை 2025 பிப்ரவரி 11ஆம் தேதி கைவிட்டு, அதற்கு மாற்றாக முன்வைத்த அளவுகோல்களைப் பற்றி 25ஆம் தேதிக்குள் அபிப்பிராயம் தெரிவிக்கலாம் என்று அறிவித்ததிலிருந்து, திருச்சிராப்பள்ளிக் கல்லூரிகளில் மனோதத்துவமும் சமூகப் பணியும் ஆராயும் மாணவர்களின் கடிதங்களில் ஒரே கலக்கம் தொனிக்கிறது: இனி எந்தச் சஞ்சிகையை நம்புவது?

இம்மாற்றத்தை நிறுவனங்களுக்கு அளித்த சுதந்திரமாகக் குழு வர்ணிக்கிறது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு டெல்லியிலிருந்து கல்லூரி வாசலில் இறக்கி வைக்கப்பட்டது என்பதே பொருந்தும். குழு முன்பு அங்கீகரித்த பட்டியலிலிருந்து 2018 மே மாதத்தில் 4,305 சஞ்சிகைகள் நீக்கப்பட்டதை நினைவுகூர்வோர், பட்டியல் இருந்தபோதும் தரத்துக்கு அது உத்தரவாதமாக இருக்கவில்லை என்பதை உணர்வர்.

ஸ்ரீரங்கம் உத்தர வீதி வாசகர் ஒருவர், தாயார் சந்நிதிக்கு எதிரேயுள்ள மண்டபத்தில் கம்பர் இராமகாதையை அரங்கேற்றினார் என்னும் ஐதீகத்தைச் சுட்டி, கட்டுரையைச் சஞ்சிகை ஏற்குமுன் நடக்கும் சக அறிஞர் மதிப்பாய்வும் அத்தகையதுதானா என்று வினவுகிறார். கற்றோர் ஆட்சேபிக்க, ஆசிரியர் சமாதானம் கூறும் அளவில் இரண்டும் ஒன்றே. ஆயினும் முற்றுப்பெற்ற காவியத்தை முன்வைத்துத் தீர்ப்புக் கேட்பது கவிதைக்குத் தகும். மனத்தை ஆராயும் சாஸ்திரத்துக்கோ அதுவே பெருங்கேடாக முடிந்திருக்கிறது.

தேர்வு அச்சத்தால் வாடும் பிளஸ் டூ மாணவர்க்கு ஒரு மூச்சுப் பயிற்சி நன்மை தருமா என்று உறையூர் முதல் லால்குடி வரை இருபது பேர் தனித்தனியே சோதிப்பதாகக் கொள்வோம். பயிற்சியால் எவ்விதப் பயனும் இல்லாவிடினும், வழக்கமான புள்ளியியல் அளவின்படி அச்சோதனைகளுள் ஏறத்தாழ ஒன்று, தற்செயலாகவே ஏதோ விளைவு உண்டென்று காட்டும்; அந்த ஒன்றைச் சஞ்சிகை விரும்பி ஏற்க, ஏனைய பத்தொன்பதும் மேஜை இழுப்பறையில் உறங்க, அச்சேறியதை மட்டும் படிக்கும் பள்ளிக்கூடம் அதை நிரூபணமான உண்மையென்று நம்பிப் பணத்தைச் செலவிடும். இந்த ‘மேஜை இழுப்பறை’க் கேட்டை மனோதத்துவ அறிஞர் ராபர்ட் ரோசந்தால் 1979இலேயே எச்சரித்தார். பிரசுரமான 100 மனோதத்துவ ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்து 2015இல் வெளியான அறிக்கையின்படி, முதலில் 97 சதவீதம் வெற்றி கண்டிருந்தவை, மறுமுறை 36 சதவீதமே வெற்றி கண்டன.

இதற்குக் கண்ட பரிகாரம்தான் என்னை வியக்க வைக்கிறது. கிறிஸ் சேம்பர்ஸ் முன்நின்று ‘கார்டெக்ஸ்’ சஞ்சிகையில் 2013இல் தொடங்கிய ‘ரிஜிஸ்டர்ட் ரிப்போர்ட்’ முறையில், ஆய்வாளர் ஒருவரையும் சோதிக்குமுன்பே, தம் கேள்வியையும், எத்தனை பேரை எவ்வாறு சோதித்து எவ்வாறு கணக்கிடுவார் என்பதையும் எழுதி அனுப்புகிறார். மதிப்பாய்வாளர்கள் அதைத் திருத்தி ஒப்பியபின், முடிவு எதுவாயினும் பிரசுரிப்பதாகச் சஞ்சிகை வாக்களிக்கிறது. பிறகு நடக்கும் இரண்டாம் பரிசீலனையில், சொன்னபடி செய்தாரா, கண்டதற்கு மிஞ்சிக் கூறினாரா என்பவையே முக்கியமாகப் பார்க்கப்படும். ‘பயன் இல்லை’ என்ற விடைக்காகக் கட்டுரையை ஒதுக்க இயலாது. வழக்கமான கட்டுரைகளில் 96 சதவீதம் எதிர்பார்ப்பை மெய்ப்பித்திருக்க, இம்முறையில் வந்தவற்றில் 44 சதவீதமே மெய்ப்பித்ததாக 2021இல் வெளியான ஒப்பீடு காட்டிற்று. தோல்வியையும் உண்மையாக ஏற்கும் இந்நேர்மையையே நான் சாஸ்திரம் என்பேன்.

இனி, கடிதங்களில் வந்த பிற கேள்விகள். பிஎச்.டி.க்குப் பிரசுரம் கட்டாயமா? மானியக் குழுவின் 2022 விதிகளில் இல்லை. உங்கள் பல்கலைக்கழக விதியைத் தனியே பாருங்கள்.

பெயர் பெறாத கல்லூரியென்றால் தள்ளிவிடுவார்களா? அச்சம் வீணன்று: ஏற்கெனவே பிரசுரமான 12 மனோதத்துவக் கட்டுரைகளைக் கற்பனைப் பெயர்களும் நிறுவனங்களும் இட்டு அதே சஞ்சிகைகளுக்கு அனுப்பிய பீட்டர்ஸ், செசி இருவரின் 1982 ஆய்வில், அடையாளம் காணப்படாத 9இல் 8 நிராகரிக்கப்பட்டன, ஆதலின் ஆசிரியர் பெயரை மறைத்து மதிப்பிடும் சஞ்சிகையை நாடுக.

சில நாட்களில் ஏற்று உடனே பணம் கேட்டால்? விலகுக.

ஒரே கட்டுரையை ஒரே சமயத்தில் இரு சஞ்சிகைகளுக்கு அனுப்பலாமா? கூடாது.

அந்த 25ஆம் தேதிக்குள் மானியக் குழுவுக்கு என்ன எழுதியிருக்க வேண்டும்? முடிவு தெரியுமுன்பே பிரசுரிக்க வாக்களிக்கும் முறை ஒரு சஞ்சிகையில் உண்டா என்பதும் அளவுகோலாக வேண்டுமென்று.