ஊருக்குப் போன வீடுகளுக்கு யார் காவல்?

மார்கழி மாதத்தில் மேற்கு மாம்பலம், நங்கநல்லூர் தெருக்களில் விடிவதற்குள் வாசல்தோறும் கோலம் விழுந்துவிடும். விழாத வாசலை, இரவு ரோந்து முடித்துத் திரும்பும் காவலரின் கண் உடனே பிடித்துவிடும். மாதம் முழுக்க வாசலை அடைத்துக் கோலம் போட்டவர்கள் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு நிறுத்திவிட்டால், ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள் என்று அர்த்தம். திருடனும் இதே கணக்கைத்தான் போடுகிறான்.

கேட்டின் வெளிப்பக்கம் தொங்கும் புதுப் பூட்டு, திண்ணையில் சேர்ந்துவிட்ட செய்தித்தாள்கள், தூசு படிந்து நிற்கும் கார் என்று அடையாளங்கள் இன்னும் உண்டு. ஆள் இருப்பதாகத் தெரியட்டும் என்று வாசல் விளக்கைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அது பட்டப்பகலிலும் எரிந்து, ஆள் இல்லை என்பதைத் தெருவுக்கே அறிவித்துவிடுகிறது. வெளியூர் போகிறவர்கள் முகவரி, தொலைபேசி எண், திரும்பும் தேதி ஆகியவற்றைக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போனால், ரோந்து போகிறவர் அந்த வீட்டையும் பார்த்துவிட்டு வருவார். ஒவ்வொரு பண்டிகைக்கும் காவல் துறை இதைச் சொல்கிறது. சொல்லிவிட்டுப் போகிறவர்கள் குறைவு.

இரவு ரோந்து என்றால் சைரன் போட்டுக்கொண்டு ஜீப்பில் பறப்பதில்லை. பெரும்பாலும் ஒரு பைக், ஒரு டார்ச், ஒரு லத்தி. ஏ.டி.எம். வாசல், நகைக்கடை ஷட்டர், கோயில் கதவு, ஆளில்லாத பேருந்து நிறுத்தம் என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்து, அங்கே வைத்திருக்கும் பட்டா புத்தகத்தில் நேரம் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இப்போது பல இடங்களில் செல்போனில் கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்கிறார்கள். காவலர் வந்து போனதற்கு இரண்டுமே சாட்சி. ஆனால் மூன்றாவது குறுக்குத் தெருவில் எந்த வீட்டில் பாட்டி தனியாக இருக்கிறார், எந்த வீட்டு நாய் யாரைப் பார்த்தால் குரைக்காது என்பதெல்லாம் எந்தச் செயலியிலும் ஏறாது. ஒரே பகுதியில் வருடக்கணக்கில் சுற்றிய ஏட்டையா மனதில்தான் அது இருக்கும்.

போகி விடிகாலையும் இவர்களுக்குச் சாலையில்தான். டயர், பிளாஸ்டிக் எரிக்கக் கூடாது என்று வருடந்தோறும் எச்சரித்தாலும் எரிக்கிறவர்கள் எரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தாமதமாயின. விமானத்தை நிறுத்திவைக்கலாம். ராத்திரி முழுக்கத் தெருவில் நிற்கிறவர் அந்தப் புகையைச் சுவாசித்துத்தான் ஆக வேண்டும்.

என் கவலை அதற்கடுத்த நாள்களைப் பற்றியது. காணும் பொங்கலுக்கு மெரினாவும் வண்டலூர் உயிரியல் பூங்காவும் மாமல்லபுரமும் நிரம்பி வழிகின்றன. யாரும் கடலில் இறங்காதபடி மெரினாவில் கரையோரம் தடுப்பு கட்டுகிறார்கள். கண்காணிப்புக் கோபுரம் எழும்புகிறது, மணலில் குதிரைப்படை நடக்கிறது. பெற்றோரின் எண் எழுதிய பட்டையைக் குழந்தைகளின் கையில் கட்டிவிடுகிறார்கள். அந்தப் பட்டையால் தாயிடம் திரும்பிய குழந்தைகள் எத்தனையோ. இந்த வேலையை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் இதற்கான ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள்? நிலையங்களிலிருந்துதான். ஊர் காலியாகிக் கிடக்கும் அதே நாள்களில், காலித் தெருவை அறிந்த மனிதரைக் கூட்டத்துக்கு அனுப்பிவிடுகிறோம். காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 2021 நவம்பரில் அரசாணை வந்தது. பண்டிகை பந்தோபஸ்தில் முதலில் பறிபோவது அந்த ஒரு நாள்தான். நாள் முழுக்க மணலில் நின்று கால் கடுத்தவரை அன்றிரவே ரோந்துக்கு அனுப்பினால், எந்த வாசலில் கோலம் இல்லை என்று அவர் எப்படிக் கவனிப்பார்?

பூட்டிய வீட்டைவிடக் கூட்டத்தில் சிக்கும் உயிர் பெரிது, தெருவுக்குத்தான் கேமரா இருக்கிறதே என்று வாதிடுகிறவர்கள் உண்டு. உயிர் பெரிதுதான். ஆனால் கேமரா பெரும்பாலும் திருட்டு நடந்த பிறகே பேசுகிறது. முன்பின் தெரியாத முகத்தைப் பார்த்து, "யாரைத் தேடுறீங்க?" என்று கேட்டு நிறுத்த அந்தத் தெரு மனிதர்களை அறிந்த காவலர் வேண்டும். ஆந்திராவில், வெளியூர் போகிறவர்கள் கேட்டுக்கொண்டால் காவல் துறையே வீட்டுக்குள் கேமரா வைத்துக் கண்காணிக்கும் திட்டம் உண்டு. நல்ல யோசனைதான். அங்கேயும் உள்ளே ஏதோ அசைகிறது என்று எச்சரிக்கை வந்தால் ஓடிப்போய்ப் பார்க்கப் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும்.

தடுப்புக் கயிற்றைப் பிடித்து நிற்க ஊர்க்காவல் படையினர் இருக்கிறார்கள். கூட்டத்தை ஒழுங்குபடுத்த என்.எஸ்.எஸ். மாணவர்களைப் பழக்கலாம். தெருவை அறிந்தவருக்கு மாற்று ஆளைக் கடன் வாங்க முடியாது.

விடுமுறை முடிந்து கிளாம்பாக்கத்தில் பேருந்துகள் வந்து நிற்கும் விடிகாலையில், கரும்பும் மூட்டைமுடிச்சுமாக வீடு திரும்புகிறவர்களில் சிலர், உடைந்த பூட்டைப் பார்த்துவிட்டு நேரே காவல் நிலையத்துக்கு ஓடுகிறார்கள். கைரேகை எடுக்கிறார்கள், மோப்ப நாய் வருகிறது. அந்தப் பகுதி ரோந்து யார் என்ற கேள்வியும் எழுகிறது. கடற்கரையில் நின்றுவிட்டு வந்தவர்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அடுத்த பொங்கலுக்கு டியூட்டி போடும்போது, நிலையத்துக்கு இரண்டு ரோந்துக் காவலர்களையாவது அவரவர் தெருவிலேயே விட்டுவைக்கட்டும். பகலில் தூங்க அவர்களுக்கு நேரமும் கொடுக்கட்டும்.