அருவிக்குப் போகும் முன்: தெரிந்திருக்க வேண்டிய ஆபத்தும் உரிமையும்

வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் பச்சைமலையின் பெரம்பலூர்ச் சரிவில் தண்ணீர் இறங்கத் தொடங்கும். லாடபுரம் மயிலூற்று அருவிக்கும் கோரையாற்றுக்கும் பெரம்பலூர், அரியலூர் பக்கமிருந்து குடும்பங்களும் கல்லூரி மாணவர்களும் கிளம்பிவிடுவார்கள். ஆண்டு முழுவதும் கூட்டம் வரும் இடத்துக்குக் கிடைக்கும் கவனம், சில வாரங்களே ஓடும் அருவிக்கு எளிதில் கிடைக்காது. அதனால் எதற்குப் பயப்பட வேண்டும், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று போகிறவர்களுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

ஆபத்துகள்

அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே மலைமேல் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவனை அடித்துச் சென்றது. வெள்ளம் வருவதற்குச் சில அடையாளங்கள் உண்டு. தெளிந்த தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறமாகும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், இரைச்சல் கூடும். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் செருப்பையும் செல்போனையும் தேடி நிற்காதீர்கள். ஓடையின் போக்கில் கீழே ஓடாமல், பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். பாறை மேலிருந்து குதிக்கவும் வேண்டாம். போன ஆண்டு ஆழமாக இருந்த இடத்தில் இந்த ஆண்டு பாறை உருண்டு கிடக்கலாம்.

அரியலூர்ப் பக்கம் ஆபத்து வேறு மாதிரி. சிமெண்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்களில் மழைநீர் குளம்போல் தேங்கி நிற்கும். குளத்துக்குச் சரிவான கரை உண்டு. இந்தப் பள்ளங்களுக்கோ செங்குத்தாக வெட்டிய சுவர்தான். இறங்கினால் பிடித்து ஏற வழியில்லை. நீச்சல் தெரிந்தவர்களும் இறங்கக் கூடாது.

பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம்.

சட்டம்

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது தமிழ்நாடு வனச் சட்டம் 1882-இன்படி குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீ 20-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட பிறகு, மலையேற்றத்தை முறைப்படுத்த அதே ஆண்டில் தனி விதிகள் வந்தன. வனத்துறை அனுமதி இல்லாமல் குழுவாக அழைத்துப் போகிறோம் என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள். பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2024-இல் இடம்பெற்ற, அரியலூர்ப் பக்கத்துக் கரைவெட்டி பறவைகள் சரணாலயம் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. அங்கே பறவைகளைத் தொந்தரவு செய்தால் வழக்கு பாயும்.

உரிமைகள்

வாகன நிறுத்தக் கட்டணம் கேட்டால் ரசீது கேளுங்கள். வசூலிப்பது ஊராட்சியா, வனத்துறையா, குத்தகைதாரரா என்பதும் தொகையும் தேதியும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெறும் தொகை மட்டும் அச்சடித்த துண்டுச்சீட்டு, நாளைக்குப் புகார் செய்யும்போது உதவாது. தண்ணீர் பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் சட்டமீறல்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். தங்கும் விடுதியோ வண்டி ஏற்பாட்டாளரோ பணம் வாங்கிக்கொண்டு சொன்னதைச் செய்யாவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

சாலை விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிப்போகத் தயங்க வேண்டாம். நல்லெண்ணத்தோடு உதவியவரை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு காக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்குக் காப்பீடு இல்லாதவரும் தகுதியானவரே.

தீர்வுகள்

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு ஆட்சியர்தான் தலைவர். ஆபத்து வந்த பின் மீட்பதோடு, வராமல் தடுப்பதும் அந்த ஆணையத்தின் கடமை. ஆகவே திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் மனுவில் 'அருவியில் பாதுகாப்பு வேண்டும்' என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்தப் பாறையருகே தடுப்புக் கம்பி, எங்கே எச்சரிக்கைப் பலகை, பெண்கள் உடைமாற்ற எங்கே அறை என்று இடத்தைச் சொல்லி, படத்தையும் இணையுங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், மனுமீது எடுத்த நடவடிக்கையைக் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும்.

இந்த மனுவை அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்த பிறகு கொடுத்துப் பயனில்லை. ஆடி, ஆவணியில் கொடுத்தால்தான் ஐப்பசி மழைக்கு முன் கம்பி நடும் வேலை நடக்கும்.